சீராக்கிய சுருள்

மின்மாற்றி என்பது வாய்மூடிய பெட்டி. அது வாய்திறக்கும் நாளில் அருகே நின்றவன் சாட்சி சொல்ல மிஞ்சுவதில்லை. ஐம்பதுகளில் கல்முனைப் பகுதியில் என்னைப்போல் அதனருகே நின்று வியர்த்த அன்பர்கள் இதனை நன்கறிவர்.

முதற் சுற்றுகளின் விதி

சவளக்கடைப் பாதையிலிருந்த நெல் ஆலையொன்றின் மின்மாற்றி, மாரிகால இடியொன்றில் கருகிற்று. திறந்து பார்த்தோம். கம்பத்திலிருந்து மின்சாரம் நுழையும் முனையில் முதற் சில சுற்றுகள் மட்டும் கரியாகியிருந்தன; எஞ்சிய நூற்றுக்கணக்கான சுற்றுகள் புதுக்கருக்கு மாறாதிருந்தன. ஆலை முதலாளி ஹாஜியார் என் கைவேலையையே சந்தேகித்தார். வழமையான மின்னழுத்தம் எல்லாச் சுற்றுக்கும் சமமாகப் பிரியும் என்றும், இடியின் அழுத்தமோ கண்ணிமைக்குமுன் பாய்வதால், பகிர்ந்துகொள்ள நேரமின்றி முன்னிற்கும் சுற்றுகள்மேலேயே விழும் என்றும், நூல்களில் நானாகப் படித்தறிந்ததை விளக்கினேன். அவர் தாடியைத் தடவியவாறு சொன்னார்:

"அப்ப, ஆறுபேர் சேந்து திங்கிற சஹனில முதல் குந்தினவன் மத்தாக்களுக்கு வைக்காம முழுச் சோத்தையும் திண்ட கதைதான் எண்டு சொல்லு தம்பி."

நெசவாளியின் திருத்தம்

புதுச் சுருளுக்குப் பருத்தி நாடா சுற்ற, மருதமுனை நெசவாளி, ஊருக்கே அண்ணனான உதுமாலெவ்வைக் காக்காவை அழைத்தோம். முதல் இருபது சுற்றுகளுக்கு மட்டும், இடியைத் தாங்கவென, இரட்டை நாடாவை நானே சுற்றிவைத்து, மீதியை அவரிடம் ஒப்புவித்தேன். பின்னர் காய்ச்சலில் விழுந்தேன். எழுந்து வருமுன் சுருளை எண்ணெயில் இறக்கி, மூடியை முறுக்கி, ஆலையையும் ஓட்டிவிட்டனர். வாசலில் காக்கா பெருமிதத்தோடு என்னை எதிர்கொண்டார்:

"தலைப்பில மட்டும் தடிச்சுக் கிடந்திச்சு தம்பி, பாக்கவே வெக்கமாப் போச்சு. நான் நெய்த சாரன் ஒண்டிலயும் அப்படிக் கிடந்ததில்ல. அவிழ்த்துப்போட்டு ஒரே சீராக்கிட்டன்."

மூன்றாவது உருகி

அவர் வாய்மூடுமுன் கடற்பக்கம் கறுத்து முழங்கிற்று. அடுத்த இடியை அந்தச் சுருள் தாங்காது. அவ்வேளை ஆலையின் பின்புறத்தில் என் உதவியாளன் காசிம், அந்த மின்மாற்றியின்மேல் மரத்தடியை ஊன்றி, மறுமுனையில் காதை வைத்து, உள்ளிரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தான். கூவினேன், ஆலையின் ஓசை என் குரலை விழுங்கிற்று.

அவனைவிடக் கம்பமே அருகிலிருந்தது. நுனியில் கொக்கி மாட்டிய உலர்ந்த மூங்கிற் கழியால் அதன் உச்சியிலிருந்த உருகிகளை இழுத்து, மின்மாற்றியை வெளிக்கம்பியிலிருந்து பிரிக்கத் தொடங்கினேன். முதலாவது விழுந்தது, இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவதில் கொக்கி மும்முறை வழுக்கிற்று. கலிமாவைச் சொல்லியபடி இழுத்தேன். அது விழுந்து நான் பத்தடி விலகுமுன் வெளிக்கம்பியில் இடி இறங்கிக் கம்பத்து உச்சி தீப்பிழம்பாயிற்று. கழியை எறிந்துவிட்டுப் பின்புறம் ஓடினேன். காசிம் தடியோடு நின்றான், முழுதாக. என் கைகளைப் பார்த்துச் சிரித்தான்:

"என்ன காக்கா, இடிக்கு இப்படி நடுங்குற ஆள் இந்த வேலைக்கு ஏன் வந்தீங்க? வாப்பாக்கிட்டச் சொல்லி வேற தொழில் பாத்திருக்கலாமே!"

என்னோடு பணிசெய்தோருள் ஒருநாளேனும் விடுப்பெடுக்காது, நேரந் தவறாமல் வந்தவர் அச்சம் என்னும் பெரியவர் ஒருவரே.