காலையில் துவைத்த விரிப்பு

எனக்கு அப்போது ஒன்பதோ பத்தோ வயது. ஸ்ரீரங்கத்தில் ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் ஒரு சந்துக்குள் எங்கள் வீடு இருந்தது. வாசலில் குறுகலாகத் தெரிந்து, உள்ளே போகப் போக நீண்டுகொண்டே போய், கொல்லைக் கிணற்றில் முடிகிற வீடு. அம்மாவைத் தேடினால் அந்தக் கிணற்றடியில்தான் இருப்பாள். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு அம்மாவின் முகத்தைவிட, துவைக்கிற கல்லின் மேல் குனிந்திருந்த அவளுடைய முதுகுதான் நன்றாக நினைவுக்கு வருகிறது.

அத்தனை துணி விழும் வீடு அது. அப்பா காவிரிப் பாலத்தைத் தாண்டி ஆபீசுக்கு வெள்ளைச் சட்டையில் போவார். அந்த வெள்ளை ஒருநாளும் மங்கக் கூடாது. பெரிய சித்தப்பாவுக்குத் திருவெறும்பூர்ப் பக்கம் தொழிற்சாலையில் வேலை. அவருடைய காக்கி உடுப்பை ஊறப்போட்டால் வாளித் தண்ணீரில் எண்ணெய் மிதக்கும். சின்ன சித்தப்பா காலேஜில் படித்துக்கொண்டிருந்தார். ஒருமுறை போட்ட சட்டையை மறுபடி போட்டால் மரியாதை போய்விடும் என்று நம்பியவர். என் தம்பிகள் இரண்டு பேரும் ஸ்கூலுக்குப் போகும்போது பையன்களாகவும் திரும்பி வரும்போது புழுதி மூட்டைகளாகவும் இருப்பார்கள். மழைக்காலம் வந்துவிட்டால் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி, ஈர வேட்டிகளை விலக்கிக்கொண்டுதான் சாப்பிட உட்காருவோம். அப்படியும் மறுநாள் காலையில் யாருக்கும் சட்டை இல்லாமல் போனதில்லை. அம்மா அதை எப்படிச் சமாளித்தாள் என்று வீட்டில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. நானும் யோசிக்கவில்லை.

எனக்கு இருந்த ஒரே பெருமை, பெரிய போர்வைகளைப் பிழியும்போது இன்னொரு முனையைப் பிடிக்க அம்மா என்னைக் கூப்பிடுவதுதான். அவள் ஒரு பக்கம் முறுக்க, நான் மறுபக்கம் முறுக்க, நடுவிலிருந்து தண்ணீர் கொட்டும். என் கை வழுக்கி நான் சறுக்கிப்போனால் அம்மா சிரிப்பாள். அம்மா சிரித்துப் பார்க்க எனக்கு வேறு சந்தர்ப்பம் அதிகம் கிடைத்ததில்லை.

இப்படி இருக்கும்போதுதான் துறையூரிலிருந்து அக்கா வந்தாள். அம்மாவுடைய அக்காவான பெரியம்மாவின் மகள். என்னைவிட ஒரு வயது பெரியவள். பெரியம்மா அந்த வருஷம்தான் காய்ச்சலில் இறந்துபோயிருந்தாள். பெரியப்பாவுக்கு அதற்குள் வேறு பெண் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அம்மா துறையூருக்குப் போய், திரும்பி வரும்போது ஒரு தகரப் பெட்டியோடு அக்காவையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

எங்கள் வீட்டில் யார் இருக்கலாம், யார் போகலாம் என்பதெல்லாம் அத்தை சொல்வதுதான். அத்தை அப்பாவுக்கு மூத்தவள். மாமா தவறிப்போன பிறகு எங்களோடு வந்து இருந்தவள். வீட்டுச் சாவி முழுக்க அவள் இடுப்பில் தொங்கும். அப்பாகூட அவளிடம் உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை. அக்காவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, முழுப்பரீட்சை முடிகிற வரைக்கும் இருக்கட்டும், அதற்குப் பிறகு அவள் அப்பனே வந்து கூட்டிக்கொண்டு போகட்டும் என்று அத்தை சொல்லிவிட்டாள். அம்மா தலையாட்டினாள். எனக்கு முழுப்பரீட்சை ரொம்பத் தள்ளி இருப்பதாகத் தோன்றியது.

நாங்கள் கூடத்தில் வரிசையாகப் படுப்போம். அம்மாவுக்குப் பக்கத்து இடம் எப்போதும் என்னுடையது. அக்கா வந்த முதல் வாரத்திலேயே அந்த இடம் அவளுக்குப் போனது. நான் தம்பிகளின் கால்களுக்கு நடுவே தள்ளப்பட்டேன். அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். காலையில் எழுந்து மொட்டை மாடிக்குப் போனால், மற்ற எல்லோருடைய துணியும் இன்னும் கிணற்றடியில் ஊறிக்கொண்டிருக்க, அக்காவின் பாவாடையும் அவள் படுத்த விரிப்பும் மட்டும் துவைத்து, அலசி, கொடியில் விரித்திருக்கும். என் பாவாடையோ சித்தப்பாவின் எண்ணெய்க் காக்கிக்குப் பக்கத்து வாளியில் கிடக்கும். விருந்தாளி என்றால் ஒருநாள், இரண்டு நாள். இவளுக்குத் தினமும் இந்த ராஜ உபசாரம்.

நானும் என்னால் ஆனதைச் செய்து பார்த்தேன். ஒருநாள் வேண்டுமென்றே விரிப்பில் காப்பியைக் கொட்டினேன். அம்மா அதைச் சுருட்டி அழுக்கு மூட்டையில் போட்டுவிட்டு, முதுகில் ஒன்று வைத்துவிட்டுப் போனாள். நாலு நாள் கழித்துத்தான் அது துவைக்கப்பட்டது. இன்னொரு நாள் சீக்கிரமே விழித்துக் கொல்லைக் கதவு வழியாகப் பார்த்தேன். கிணற்றடியில் அம்மாவும் அக்காவும் நின்று விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்தார்கள். என் முனையை அக்கா பிடித்திருந்தாள். அம்மா ஏதோ மெதுவாகச் சொன்னாள். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா ஈரக் கையாலேயே அவள் கன்னத்தைத் தடவினாள். நான் சத்தமில்லாமல் திரும்பிப் போய்ப் போர்வைக்குள் படுத்துக்கொண்டு, இந்த அக்காவைப் பூச்சாண்டி தூக்கிக்கொண்டு போகட்டும் என்று ரங்கநாதரிடம் வேண்டிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். பார் சோப்பு இவ்வளவு சீக்கிரம் எப்படிக் கரைகிறது என்று அத்தை கேட்டாள். எனக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

"அக்காவோட பெட்ஷீட்டைத்தான் அம்மா தினம் துவைக்கிறாங்க. என்னுதெல்லாம் வாரத்துக்கு ஒரு தரம்தான்" என்றேன்.

அத்தை சாதத்தைப் பிசைவதை நிறுத்தினாள். "தினமுமா? எதுக்கு தினம் துவைக்கணும்?"

அக்கா இலையைப் பார்த்தபடியே இருந்தாள். அம்மா குழம்புக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். நான் வெற்றியோடு அவளை நிமிர்ந்து பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்காமல் அத்தையிடம் சொன்னாள்.

"அது அவளுது இல்ல அண்ணி. இவளுதுதான். ராத்திரி படுக்கைய நனைச்சிடறா. வெக்கப்பட்டுக்கிட்டு அந்தப் பொண்ணு மேல சொல்றா."

இல்லை, இல்லை என்று கத்தினேன். கத்தக் கத்த அது உண்மை மாதிரியே ஆகிக்கொண்டு போனது. இந்த வயதில் இதென்ன பழக்கம் என்றாள் அத்தை. அப்பா மோர் கேட்டார். சின்ன சித்தப்பா மட்டும் சாப்பாட்டை விட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்கே எனக்குக் கொள்ளிடம் என்று பெயர் வைத்துவிட்டார். காலையில் பல் தேய்க்கிறபோது, கொள்ளிடத்தில் இன்றைக்குத் தண்ணீர் எவ்வளவு வந்தது என்று அக்கறையாக விசாரிப்பார். தம்பிகள் அந்தப் பெயரை ஸ்கூல் வரைக்கும் கொண்டுபோனார்கள். அத்தை வைத்தியத்தில் இறங்கினாள். விளக்கு வைத்த பிறகு எனக்குத் தண்ணீர் கிடையாது. படுக்கப் போகும் முன் அவள் கையால் ஒரு எள்ளுருண்டை. அதைத் தம்பிகளுக்கு முன்னால் மெதுவாகத் தின்பது ஒன்றுதான் எனக்குக் கிடைத்த ஆறுதல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போய் அழுதேன். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன். அம்மா சட்டைகளை ஒவ்வொன்றாகத் தோளில் போட்டுக்கொண்டே, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள். பெரியம்மா போனதிலிருந்து அக்காதான் படுக்கையை நனைத்துவிடுகிறாளாம். அவளுக்கே தெரியாமல் தூக்கத்தில் நடந்துவிடுகிறதாம். அத்தைக்குத் தெரிந்தால் அடுத்த பஸ்ஸிலேயே துறையூருக்கு அனுப்பிவிடுவாளாம். அங்கே அவளைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லையாம்.

"அதுக்கு என் பேரையா சொல்லுவ?" என்றேன்.

"நீ எம் பொண்ணுடி."

"அப்ப அவ யாரு?"

அம்மா துணிகளோடு இறங்கிப் போய்விட்டாள். தூரத்தில் மலைக்கோட்டையில் விளக்குப் போட ஆரம்பித்திருந்தார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் அழுதேன். அக்கா மேல் எனக்குப் பரிதாபம் வந்ததா என்றால், வரவில்லை. அம்மாவும் அவளும் இத்தனை நாள் ஒரு ரகசியத்தை வைத்துக்கொண்டு, என்னை மட்டும் வெளியே விட்டுவிட்டார்கள் என்பதுதான் எனக்கு எரிந்தது.

சில நாட்கள் கழித்து அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. எழுந்திருக்க முடியாமல் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள். மறுநாள் விடிகிற நேரத்தில் கிணற்று ராட்டினம் சத்தம் கேட்டு விழித்தேன். அந்தக் கோடியில் அம்மா முனகிக்கொண்டு படுத்திருந்தாள். அக்காவின் இடம் காலி. எழுந்து கொல்லைக்குப் போனேன். அக்கா தனியாக நின்று தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். விரிப்பு வாளிக்குள் கிடந்தது. கயிறு அவளை உள்ளே இழுத்துவிடும் போல இருந்தது. என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

அதற்குள் எனக்குப் பின்னால் அத்தையின் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது.

"யாரோட பெட்ஷீட்டு அது? நீ ஏன் துவைக்கிற?"

அக்காவின் பாவாடை முழுக்க நனைந்திருந்தது. அது கிணற்றுத் தண்ணீரா என்னவென்று சொல்ல முடியாது. அவள் "என்னோட..." என்று ஆரம்பித்தாள்.

"என்னுது அத்தை" என்றேன் நான்.

இதைக் கேட்கிறவர்கள் எனக்கு நல்ல மனசு என்று சொல்வார்கள். அதில் உண்மை கிடையாது. எல்லோர் முன்னாலும் அம்மா அந்த விரிப்பை என்னுடையது என்று சொல்லியிருந்தாள். அதற்காக நான் கொள்ளிடம் என்ற பெயரைச் சுமந்தேன், தாகத்தோடு படுத்தேன். படுக்கும் இடத்தைக் கொடுத்தாயிற்று, போர்வை முனையையும் கொடுத்தாயிற்று. இப்போது இதையும் அக்கா திரும்ப வாங்கிக்கொண்டு போக நான் விடுவதாக இல்லை. அம்மா எனக்குக் கொடுத்தது, அது அவமானமாகவே இருந்தாலும், என்னுடையது.

அத்தை என் காதைப் பிடித்துத் திருகினாள். உன்னுடையது என்றால் நீ துவை, அந்தப் பிள்ளையை ஏன் வேலை வாங்குகிறாய் என்று சொல்லி, நான் கல்லுக்குப் பக்கத்தில் போய் நிற்கிற வரைக்கும் விடவில்லை. அத்தை உள்ளே போன பிறகு நான் துவைத்தேன். ஈர விரிப்பு அவ்வளவு கனக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கல்லில் அடித்தால் சோப்புத் தண்ணீர் கண்ணில் தெறித்தது. அக்கா தண்ணீர் இறைத்து இறைத்து ஊற்றினாள்.

முழுப்பரீட்சை வந்தது, போனது. பெரியப்பா வந்து கூப்பிட்டபோது, சமர்த்தாக இருக்கிற பெண், இங்கேயே படிக்கட்டும் என்று அத்தையே சொல்லிவிட்டாள். அதற்குள் விரிப்பு நனைவதும் எப்போது என்று தெரியாமலே நின்றுபோயிருந்தது. அக்கா எங்கள் வீட்டிலிருந்துதான் காலேஜுக்குப் போனாள். எங்கள் வீட்டிலிருந்துதான் கல்யாணமாகிப் போனாள். எள்ளுருண்டை கொடுத்து என்னைக் குணப்படுத்திய கதையை அத்தை கடைசி வரைக்கும் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் சொல்ல ஆரம்பித்தபோது அப்பாதான் பேச்சை மாற்றினார்.

விரிப்பைத் துவைத்த அன்று, ஸ்கூல் விட்டு வந்ததும் அம்மா என்னைக் கூப்பிட்டாள். காய்ச்சல் முழுக்க விட்டிருக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, என்னை முன்னால் உட்காரவைத்துத் தலையை அவிழ்த்து வாரினாள். அவள் கை என் கழுத்தில் பட்ட இடமெல்லாம் சுட்டது. காலையில் கொல்லையில் நடந்தது படுத்திருந்த அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அக்கா சமையலறை வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது பின்னலை எடுக்கும்போது என் வகிட்டில் ஏதோ சொட்டியது. பிறகு இன்னொரு சொட்டு. திரும்பிப் பார்க்கப் போனேன். அம்மா என் தலையைப் பிடித்து நேராக வைத்தாள். அவள் அழுகிறாள் என்பது புரிந்தது. யாருக்காக என்பதும் புரிந்துவிட்டதாகத்தான் அன்றைக்கு நினைத்தேன். என் தலையில் விழுகிற கண்ணீர்கூட அக்காவுக்குத்தானா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. பாதிப் பின்னலோடு அம்மாவின் கையை உதறிவிட்டு எழுந்து தெருவுக்குப் போய்விட்டேன்.