சீர்த்தட்டோடு ஏறிய படிகள்

சின்ன மாமாவின் நிச்சயதார்த்தம் ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை நடந்தது. நான் அப்போது ஆரம்பப் பள்ளியில் நான்காம் ஆண்டு மாணவி. அத்தை இன்றும் அது புரட்டாசி என்று சாதிக்கிறார். புரட்டாசியில் எங்கள் வீட்டில் பூனைக்குக்கூட நிச்சயம் பேசமாட்டார்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை.

பெண் வீடு புக்கிட் ரம்பாயில், குன்றுச் சரிவில் இருந்த ஒரு தாமான் குடியிருப்பின் மேல்வரிசையில். எங்கள் ஊரான நியாலாஸிலிருந்து இரண்டு கார்களில் போனோம். சின்ன மாமா அந்த வட்டாரத்துத் தொழிற்சாலையில்தான் வேலை பார்த்தார். ஆனாலும் பெண்ணைத் தரகர் கொடுத்த போட்டோவில் மட்டுமே பார்த்திருந்தார். வீட்டில் அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள். நாலரைக்கு ராகு காலம். அதற்குள் தட்டு மாறாவிட்டால் இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று, அவருடைய அண்ணனான பெரிய மாமா புறப்படும்போதே சொல்லிவிட்டார்.

போய்ச் சேர்ந்தால், மேலே ஏறும் ரோட்டைக் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மிச்சமிருந்தவை வீடுகளுக்கு நடுவே வெவ்வேறு இடங்களில் ஏறும் மூன்று பழைய பொதுப் படிக்கட்டுகள்தான். ஆளுக்கொரு தட்டைத் தூக்கிக்கொண்டோம், எனக்குப் பூத்தட்டு. தூக்கிய சீர்த்தட்டை வழியில் கீழே வைக்கக்கூடாது, வந்த வழியே திருப்பவும் கூடாது.

பெரிய மாமா முதல் படிக்கட்டில் கால் வைத்தார்.

“அது வேணாம்ணே, பாதியில மண்ணு சரிஞ்சி கிடக்கு,” என்றார் சின்ன மாமா.

அடுத்த படிக்கட்டில் கைப்பிடி கையோடு வந்துவிடுமாம். மூன்றாவதில் எங்களை ஏற்றினார். முந்தின நாள் மழையில் வழுக்கும் பாசி, விரிசலெல்லாம் செடி. அதைக் கட்டிய ஆண்டைப் பின்னாளில் விசாரித்துப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை, கட்டியவர்கள் ஒரு மூலையிலாவது பொறித்து வைத்திருக்கலாம். வளைவு வருமுன்னே சின்ன மாமா “இடது பக்கமா வாங்க” என்பார். திரும்பினால் வலது பக்கம் உடைந்திருக்கும்.

“நீ பேக்டரியிலதான வேலை செய்ற, இல்ல படி கூட்டுறியா?” என்றார் மூச்சிரைத்தபடி பெரிய மாமாவின் மனைவியான அத்தை.

உச்சியில் படி முடிந்த இடத்தில் கம்பிவேலி. அப்பால் பெண் வீட்டுக் கூடாரம் தெரிந்தது, நாதஸ்வர ஒலிநாடாவும் கேட்டது. நாலரைக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

“நல்ல வழி காட்டினான் லா இவன். பழத்தட்ட வேலிக்கு மேல வீசவா?” என்றார் அத்தை.

பெரிய மாமா வேலியோரம் நடந்து பார்த்துவிட்டு வந்தார். “போதும். இறங்குங்க, வீட்டுக்குப் போவோம்.”

தட்டோடு இறங்கினால் சம்பந்தம் முறிந்தது என்றே அர்த்தம். சின்ன மாமா பதறவில்லை. கைபேசியில் எதையோ தட்டினார்.

வாழைமரங்களுக்கு நடுவே, போட்டோவில் பார்த்த பெண், பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாதிப் பூ வைத்த தலையோடு ஓடிவந்தாள். வேலி ஓரத்துக் கம்பி முடிச்சைப் பார்க்காமலேயே கழற்றினாள். வேலி கதவுபோலத் திறந்தது. “பொறுப்பான புள்ள,” என்று அத்தை உருகிப்போய் உள்ளே நுழைந்தார். பெரிய மாமா கடிகாரத்தைப் பார்த்தபடி பின்னால் ஓடினார்.

கடைசியாக நுழைந்த எனக்கு மட்டும், அவள் சின்ன மாமாவிடம் சொன்னது காதில் விழுந்தது. “மழை பெஞ்சா இந்தப் பக்கம் வராதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?”

அவர் பள்ளிக்கூடப் பையன்போலத் தலையாட்டினார்.

நாலரைக்குள் தட்டு மாறியது. எல்லோரும் சிரித்துப் பேசிச் சாப்பிட்டார்கள். நான் மட்டும் கேசரியைத் தட்டிலேயே வைத்துவிட்டுக் கவலைப்பட்டேன். பார்த்த முதல் நிமிடமே இப்படி அதட்டுகிறவளோடு பாவம் மாமா எப்படிக் காலம் தள்ளப்போகிறாரோ என்று.