'முது' என்று முடிந்த சொற்கள்

சத்திரம் பேருந்து நிலையத்தில் நின்றபோது வசந்தா மேடத்தின் தம்பி போனில் அழைத்தார். "அக்கா போயிட்டாங்க சார்." லால்குடிக்குப் போய் வழியனுப்பிவிட்டு வந்தும் மனம் ஒப்பவில்லை. எங்கள் கல்லூரிப் புள்ளியியல் துறையில் அவருக்கு அடுத்த நாற்காலி என்னுடையது. அவரோடு பழகிய உங்களுக்கும் அந்தக் கணீர்க் குரல் இன்னும் காதில் இருக்கும்.

சங்கேத எழுத்துகளை உடைப்பது அவர் நடத்திய விருப்பப் பாடம். ஓர் எழுத்துக்குப் பதில் இன்னொன்றை வைத்து மறைத்து எழுதியதை, எது எத்தனை முறை, எங்கே வருகிறது என்று எண்ணியே படித்துவிடுவார். "எழுத்தை ஒளிக்கலாம், பழக்கத்தை ஒளிக்க முடியாதுங்க" என்பார்.

"அதான் கம்ப்யூட்டர் பண்றதே, இந்தப் பாடம் எதுக்கு?" என்று ஒருநாள் முதல்வர் ஆரம்பித்தார். ஸ்ரீரங்கத்துக்காரர்.

மேடம் அசரவில்லை. "நீங்களே ஒண்ணு எழுதிக் கொடுங்க சார், வகுப்புல வச்சே உடைக்கிறேன். முடியலேன்னா பாடத்தை எடுத்துடுங்க."



முதல்வர் பலகையில் எழுதிய சொற்களெல்லாம் ஒரே இரண்டு எழுத்தில் முடிந்தன. "பன்மைங்க! 'கள்'தான்!" என்று முந்திரிக்கொட்டையாகக் குதித்தேன். மேடமும் அப்படியே வைத்துப் பார்த்தார். ஒன்றும் தேறவில்லை. முதல்வர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

"நாம எண்ணி வச்சதெல்லாம் நியூஸ்பேப்பர் தமிழுங்க. இதை எழுதினவர் யாரு?" என்று என்னைக் கேட்ட மேடம், 'கள்' இருந்த இடங்களை அழித்து 'முது' என்று எழுதினார். அப்புறம் தடையே இல்லை. கறியமுது, சாற்றமுது, திருக்கண்ணமுது. ஐயங்கார் வீட்டுச் சமையலில் பொரியலும் ரசமும் பாயசமும்! முதல்வர் வீட்டு விசேஷத்தில் "சாத்தமுது சாதிக்கட்டுமா?" என்று பரிமாறியவர் கேட்டபோது ரசம் என்று புரியாமல் நான் திருதிருவென்று விழித்ததைப் பக்கத்து இலையிலிருந்த மேடம் மறக்கவில்லை, பாவி!

"எங்காத்துத் தளிகையையே கண்டுபிடிச்சுட்டேளே!" என்று முதல்வர் வாய்விட்டுச் சிரித்தார். பாடம் பிழைத்தது.

இந்த வாரம் முதல்வர் என்னை அழைத்தார். "மேடமும் இல்லை. பாடத்தை நிறுத்திடலாமா?"

அழுகை வந்தது, கோபமும் வந்தது. "ஒண்ணு எழுதிக் கொடுங்க சார். நான் உடைக்கிறேன். தளிகை மட்டும் வேண்டாம்."

சற்று யோசித்து ஒரு தாளில் எழுதி நீட்டினார். எண்ணுவதற்கு முன் மேடத்தின் கேள்வியைக் கேட்டுக்கொண்டேன், அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான். இதை எழுதினவர் யாரு? நிமிர்ந்து பார்த்தேன். முதல்வரின் கண் கலங்கியிருந்தது. முதல் சொல்லில் நான்கு எழுத்து. எண்ணவே வேண்டியிருக்கவில்லை.

வசந்தா.