பாஸ்வேர்ட் சரியாகத்தான் இருந்தது

போன செவ்வாய்க்கிழமை ஒரு டீச்சரை அவருடைய பள்ளி அதிபரின் முன்னால் அவமானப்படுத்திவிட்டேன். குரலை உயர்த்தவில்லை. சிரித்துக்கொண்டே செய்தேன். அதுதான் இன்னும் கேவலம்.

வாராவாரம் இந்தப் பத்தியில் கதை அளக்கும் நான், மற்ற நாட்களில் சுவரில் வைஃபை பெட்டி பூட்டிப் பிழைப்பவன் என்பது உங்களுக்குத் தெரியும். கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில் ஒரு தனியார் பள்ளிக்கூடம். எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்ட் என்பதால் அது பிள்ளைகள் வரை பரவிவிட்டது. ஆகவே டீச்சர்மாருக்கு ஆளுக்கொரு பாஸ்வேர்ட் கொடுத்தேன். வகுப்பறைகளில் உள்ள வைஃபை பெட்டிகள் இனித் தாமாக யாரையும் உள்ளே விடாது. அலுவலகத்தில் இருக்கும் கன்ட்ரோலர் என்ற தலைமைப் பெட்டியிடம் கேட்கும். அது சரிபார்த்துச் சம்மதித்தால்தான் விடும்.

அன்று மேல்மாடியில் ஸ்டெல்லா மிஸ்ஸின் பாடத்தைப் பார்க்க அதிபர் உட்கார்ந்திருந்தார். மிஸ்ஸுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆக்குவதா வேண்டாமா என்பது அந்த ஒரு பாடத்தில்தான் இருந்தது. வீடியோ போட லேப்டாப்பைத் திறந்தார்... வைஃபை உள்ளே விடவில்லை. கீழே அலுவலகத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார்கள்.

“சரியாத்தாங்க போடுறேன். மூணு தரம் போட்டுட்டேன்,” என்றார் மிஸ்.

என் போனில் கீழே நன்றாக வேலை செய்ததே! “மறந்திருப்பீங்க மிஸ். எந்த ஸ்கூலுக்குப் போனாலும் இதே கதைதான்,” என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். மிஸ்ஸின் முகம் சிவந்தது. அதிபர் நோட்டில் எதையோ எழுதினார்.

கீழே இறங்கி வந்த பிறகுதான் கன்ட்ரோலரின் பதிவுகளைத் திறந்து பார்த்தேன் — முதலில் பார்த்திருக்க வேண்டியது. மின்னலில் எரிந்துபோன மேல்மாடிப் பெட்டிக்குப் பதிலாக முந்தின நாள் புதியதைப் பூட்டியவன் நான். அதைக் கன்ட்ரோலரின் பட்டியலில் சேர்க்காமல் விட்டவனும் நானே. முன்பின் தெரியாத பெட்டி கேட்டால் கன்ட்ரோலர் பதிலே சொல்லாது. பூட்டிய பிறகு மேலேயே நின்று ஒரு தடவை சோதித்தேனா? இல்லை. டீ கீழேதானே கிடைக்கிறது!

பட்டியலில் சேர்த்தேன். வைஃபை வந்தது. அதற்குள் பாடம் முடிந்து மணியும் அடித்துவிட்டது. மிஸ் படியிறங்கி வந்து, “சொரிங்க சேர்... என்னால ஒங்களுக்கு வீண் கரைச்சல்,” என்றார்.

“பரவாயில்ல மிஸ்,” என்றேன். ஆமாம், பெரிய மனது பண்ணி அவரை மன்னித்துவிட்டு பஸ் ஏறினேன்.

கண்டி வந்து சேரும்வரை வெட்கம் பிடுங்கித் தின்றது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல எனக்கு என்ன கேடு?

மறுநாள் காலையிலேயே அதிபரிடம் போனேன். “சேர், நேத்து பிழை என்னோடது. மிஸ் போட்டது சரியான பாஸ்வேர்ட்தான்.”

திட்டுவார் என்று நின்றேன். அதிபர் சிரித்தார். “அட, டெக்னிக்கல் பிழைதானே! யாருக்கும் வர்றதுதான். விடுங்க.”

“மிஸ்ஸோட பாடத்தை இன்னொரு தரம் பாப்பீங்களா சேர்?”

யோசித்தார். வெள்ளிக்கிழமை பார்க்கிறேன் என்று நோட்டைத் திறந்தார். ஸ்டெல்லா மிஸ்ஸின் பெயருக்கு நேரே ‘கவனக்குறைவு’ என்று எழுதியிருந்தது. அதைக் கோடு போட்டு வெட்டினார்.

ஒரே பிழைதான்... என்னுடையது என்று தெரிந்ததும் அதற்கு எவ்வளவு மரியாதையான பெயர்!