கயலைத் தூங்க வைத்த ஜமீலா டீச்சர்

ஜமீலா டீச்சர் இறந்த செய்தி எனக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்தது. திருத்துறைப்பூண்டி கடைத்தெருவுக்குப் பின்னால் அவர் வீடு. அதற்கு இரண்டு தெரு தள்ளி என் வீடு. ஆனாலும் அவருடைய தங்கை முதலில் போன் செய்தது கோயம்புத்தூரில் இருக்கும் என் மகள் கயல்விழிக்கு. "அம்மா, டீச்சர் மௌத்தாயிட்டாங்களாம். நீ ஒடனே போ, நான் பஸ் ஏறிட்டேன்" என்று அழுதாள். என் ஊர்ச் சாவுக்குப் போகச்சொல்லி அங்கிருந்து எனக்கு உத்தரவு. துக்கத்துக்கு முன்னால் வந்தது எரிச்சல்தான்.

பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் அவரிடம் விஞ்ஞானம் படித்தவர்களே, இந்த நினைவு மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டது உங்கள் தவறு. நான் அதே பள்ளியில் தமிழ் நடத்தியவள். ஆசிரியைகள் அறையில் அவருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, அவரைப் பார்த்து வயிறெரிந்தவள். இதை மறைத்து எழுதினால் அவரே சிரிப்பார்.

என் குரல் கடைத்தெரு வரைக்கும் கேட்கும் என்பீர்கள். அப்படியும் காலை முதல் மணியில் பாதிப் பெண்கள் என் கண்ணெதிரே தூக்கத்தில் சாமியாடுவீர்கள். அவர் வகுப்பில் ஒருத்தியும் தூங்கியதில்லை. வகுப்பறையில் இருந்தால்தானே? முதல் மணி அவருடையதென்றால் எல்லோரையும் வாய்க்கால் கரைக்கு ஓட்டிக்கொண்டு போய் இளவெயிலில் நிற்கவைத்துப் பாடம் நடத்துவார். தலைமையாசிரியை கூப்பிட்டுக் கேட்டார். "இந்த வயசுல ராத்திரி தூக்கம் தள்ளித்தாங்க வரும், அது சோம்பேறித்தனம் இல்ல. காலையில கண்ணுல வெளிச்சம் பட்டாத்தான் விடிஞ்சிச்சின்னு ஒடம்புக்குத் தெரியும்" என்றார் ஜமீலா டீச்சர். வரப்பில் நடந்து வரும் பெண்கள் விழித்திருக்கிறார்கள், கூண்டு வண்டியில் வருகிறவர்கள்தான் தூங்குகிறார்கள் என்றும் சொன்னார். அப்போது நாங்கள் என் கணவரின் நிலத்தை ஒட்டிய கிராமத்தில் இருந்தோம். என் மகள் கூண்டு வண்டியில் வருபவள். என்னைக் குத்திக்காட்டுகிறார் என்றே எடுத்துக்கொண்டேன்.

கயல் எஸ்.எஸ்.எல்.சி. எழுத வேண்டிய வருஷம் தை அறுவடையில் கூலித் தகராறு வந்தது. கூலி நெல்லைக் கூட்டித் தராமல் அரிவாளைத் தொடமாட்டோம் என்றார்கள் ஆட்கள். என் கணவரும் மற்ற மிராசுதார்களும் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். வயலில் செங்கொடி, சாலையில் போலீஸ் வேன். "நம்ம ஆட்சின்னு ஓட்டுப் போட்டேன், இப்ப நம்ம வாசல்ல நிக்க முடியல" என்று என் கணவர் புலம்புவார். கயலைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் மாடி அறையில் வைத்து ஜன்னல்களைச் சாத்தினார். நான் மட்டும் பஸ்ஸில் போய்வந்தேன். அந்த மாடி புதிதாகக் கட்டியது. டியூப் லைட்டும் தளம் போட்ட கூரையும் எங்கள் பெருமை. மாசி பிறந்ததும் அந்தத் தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை விடியும்வரை இறக்கிக்கொண்டிருந்தது.

தகராறு நீண்டது. கயலின் தூக்கம் தலைகீழானது. விடியும்போது கண்ணயர்ந்து உச்சிவேளையில் எழுந்தாள். புத்தகத்தைப் பிரித்தால் எழுத்து ஓடுகிறது என்றாள். போலீஸைக் கண்டு பயந்துவிட்டாள் என்று திருநீறு போட்டேன், டாக்டரிடம் மாத்திரை வாங்கிவந்தேன். பார்க்கவந்த என் நாத்தனார், "படிப்பு ஏறலன்னா விட்டுடு அண்ணி. வைகாசியில என் பையனுக்கே முடிச்சிடலாம்" என்றாள். என் கணவர் தலையாட்டினார். பரீட்சை எழுதாவிட்டால் கல்யாணம். நான் வேண்டாம் என்றது யார் காதிலும் விழவில்லை.

பள்ளியில் யாரிடமோ நான் சொல்லி அழுதது ஜமீலா டீச்சருக்குப் போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை குடையும் கையுமாக எங்கள் வாசலில் வந்து நின்றார். ஆறுதலாக ஒரு வார்த்தை கிடையாது. "புள்ள எங்கங்க படுக்குது?" என்று கேட்டு மாடியேறினார். சுவரில் கையை வைத்துப் பார்த்தார்.

"அடுப்பு மாதிரில்ல இருக்கு! பகல்ல இருட்டு, ராத்திரியில லைட்டு. இதுல யாருக்குத் தூக்கம் வரும்? புள்ளைக்குப் பயமும் இல்ல, நோவும் இல்லங்க. காலையில வெயிலு, ராத்திரியில குளுமையும் இருட்டும். அவ்வளவுதான்."

ஜன்னலைத் திறக்க முடியாது என்றார் என் கணவர்.

"அப்ப என்கூட அனுப்புங்க. கடைத்தெருவுல ஒரு தகராறும் இல்ல."

என் கணவர் மறுப்பதற்குள் கயல் புத்தகங்களைக் கட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள். "பரீட்சை முடியிற வரைக்கும்தானே, போகட்டும்" என்றேன். அந்த வீட்டில் முதன்முதலாக என் பேச்சு எடுபட்டது. எடுபட்டு என்ன, பெண் அவரோடு போனாள்.

டீச்சரின் கணவர் மலேசியாவில் கடை வைத்திருந்தார். பிள்ளை இல்லை, தங்கைதான் துணை. கயல் எழுந்ததும் கொல்லையில் வெயிலில் நிற்க வேண்டும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் முன்னதாக எழுப்புவார்கள். அந்தி சாய்ந்தால் விளக்கைக் குறைத்து, முற்றத்தில் தண்ணீர் தெளித்துப் பாய் போடுவார்கள். சில வாரங்கள் கழித்து ஒரு நாள் முதல் பஸ்ஸில் தூக்குவாளியில் இட்லி எடுத்துக்கொண்டு போனேன். சந்துப் பக்கம் கொல்லைக் கதவு திறந்திருந்தது. தலைக்குக் குளித்துவிட்டு, வெயிலில் முடியை உலர்த்திக்கொண்டு, டீச்சர் கேட்கும் கேள்விக்கெல்லாம் டாண் டாணென்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள் என் மகள். நடுநடுவே சிரிப்பு வேறு. என் வீட்டில் முகத்தில் தண்ணீர் தெளித்தாலும் எழுந்திருக்காதவள். நான் உள்ளே போகவில்லை. இட்லியைப் பள்ளிக்கூடத்து ஆயாவிடம் கொடுத்தேன். அன்று முழுக்க ஜமீலா டீச்சரோடு பேசவில்லை. அவர் ஏன் என்று கேட்கவும் இல்லை.

கயல் தேறினாள். கல்யாணப் பேச்சு நின்றது. கல்லூரியில் விஞ்ஞானம் எடுத்தாள், தமிழ் எடுக்கவில்லை. இன்றைக்கும் என் பேரப்பிள்ளைகளை விடிந்ததும் மொட்டைமாடி வெயிலுக்கு விரட்டும்போது, "ஜமீலா டீச்சர் சொல்வாங்க" என்றுதான் ஆரம்பிப்பாள். "எங்கம்மா சொல்வாங்க" என்று அவள் எதையாவது ஆரம்பித்து நான் கேட்டதில்லை.

மௌத்து வீட்டுக்குக் கயல் வந்து இறங்கியதும் நேரே உள்ளே ஓடினாள். "யாரு இது?" என்று ஓர் அம்மாள் கேட்க, "டீச்சரோட பொண்ணு மாதிரி" என்று யாரோ சொன்னார்கள். அதைக் கேட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தேன். டீச்சரின் தங்கை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அக்காவை அவர் லாத்தா என்றுதான் சொல்வார்.

"எங்க லாத்தாவுக்கு ஒங்க மேல ரொம்பப் பொறாமைங்க, தெரியுமா? கயலு இங்க இருந்தப்ப தூக்கத்துல 'அம்மா, அம்மா'ன்னு கூப்புடும். லாத்தா பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டே இருப்பாங்க. 'தூங்க வச்சது நானு, கூப்புடுறது அவங்களயா'ம்பாங்க."

டீச்சர், எத்தனை வருஷம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். இதை ஒரு நாள் சொல்லியிருந்தால் குறைந்தா போயிருப்பீர்கள்? போகட்டும். உங்கள் பாடத்தை உங்கள் மாணவிகள் வைத்துக்கொள்ளட்டும். கயலை நீங்கள் எப்போதோ எடுத்துக்கொண்டீர்கள். என்னைப் பார்த்து நீங்கள் பொறாமைப்பட்டீர்களே, அது மட்டும் எனக்கு. அதில் யாருக்கும் பங்கு தரமாட்டேன்.