மெர்சி கட்டிய கட்டு

அறுவை அரங்கிலிருந்து செவிலி நந்திதா ஓடிவந்த வேகத்தைப் பார்த்ததுமே மெர்சி கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

“மெர்சிக்கா, உங்க செட்டுல ஒரு கிளாம்ப்பைக் காணோமுங்க! டாக்டரம்மா வயித்தைத் தைக்காம நிக்கறாங்க!”

ரத்தக் குழாயைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கி அது. மெர்சி கட்டிக் கொடுத்த அந்தக் கருவிச் செட்டில் எப்போதும் பத்து இருக்கும். இன்று ஒன்பதுதான். தரையெல்லாம் தேடியாயிற்று. குப்பைப் பையையும் கொட்டிப் பார்த்தாயிற்று. தேடாத ஒரே இடம், மேசையில் மயக்கத்தில் கிடக்கும் மயிலாத்தாளின் வயிறு.

“பிரிச்சதும் எண்ணலையா கண்ணு?”

“உங்க கட்டுதானேன்னு விட்டுப்போட்டேனுங்க…” நந்திதா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

தாராபுரத்துப் பக்கம் வெங்காயக் காட்டில் கூலி வேலை செய்தவர்களின் மகள் மெர்சி. புருஷனைப் பறிகொடுத்த பிறகு தரை துடைக்க இந்தக் கோவை ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பிறகு கருவிகளைக் கழுவி, நீராவியில் வேகவைத்து, கட்டிக் கொடுக்கும் பொறுப்பு அவளுக்கு வந்தது. குளிப்பாட்டிய பிள்ளையைத் துணியில் சுற்றுவதுபோல் அத்தனை பதமாகச் சுற்றுவாள். மூலையை அவள் மடிக்கும் மடிப்பே தனி. அதைப் பார்த்துவிட்டால் அரங்கில் யாரும் எண்ணமாட்டார்கள். பெற்றவள் போட்ட சோற்றில் கல் பொறுக்குவார்களா?

இன்று அந்த நம்பிக்கையே ஓர் உயிருக்கு ஆபத்தாக வந்து நின்றது.

மெர்சி அரங்கின் வாசலுக்கு விரைந்தாள். வெளியே பெஞ்சில் மயிலாத்தாளின் புருஷன் ராசப்பன் உட்கார்ந்திருந்தான். சூலூர்த் தறிப் பட்டறையிலிருந்து அப்படியே வந்தவன். சட்டையெல்லாம் பஞ்சு.

“ஏனுங்க அம்மணி, நேரத்துல முடிஞ்சுரும்னாங்களே… உள்ள என்னுங்க ஆச்சு?”

‘ஏசுவே, என் கையால் இந்த மனுஷன் குடும்பம் கெடக் கூடாது’ என்று மெர்சி நெஞ்சுக்குள் கதறினாள். வயிற்றைப் படம் பிடித்துப் பார்க்க வரச்சொன்ன எக்ஸ்ரே எந்திரம் கீழ்த்தளத்திலிருந்து இன்னும் வந்து சேரவில்லை.

கண்ணை மூடினாள். காலையில் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாக மனதில் ஓட்டினாள். கழுவினேன். துடைத்தேன். திறந்து மூடிப் பார்த்தேன். ஒன்று மட்டும் இறுகிக்கொண்டு திறக்கவே இல்லை…

“ஐயோ, அது!”

கழுவும் அறைக்கு ஓடினாள். காலையில், இறுகிய மூட்டு இளகட்டும் என்று அதை எண்ணெய்க் கிண்ணத்தில் போட்டுவிட்டு, மாற்றுக் கிளாம்ப் எடுக்கத் திரும்பியபோதுதான் நீராவி எந்திரத்தின் மணி அடித்தது. அதைக் கவனித்துவிட்டு வந்தவள், மாற்று வைத்தாகிவிட்டது என்ற நினைப்பிலேயே கட்டிவிட்டாள். இப்போது கிண்ணத்தின் மூடியைத் திறந்தாள். அந்தச் செட்டின் பச்சைப் பட்டையோடு பத்தாவது கிளாம்ப் எண்ணெயில் சுகமாகப் படுத்திருந்தது.

அழுகையும் சிரிப்புமாக அரங்கின் வாசலுக்கு ஓடினாள்.

“டாக்டரம்மா! இங்க இருக்குதுங்க! உள்ளுக்கு வரவே இல்லீங்க. நான்தான் மறந்துபோட்டேன்!”

டாக்டர் ஹாரிகா பேச்சை நம்பித் தைக்கவில்லை. எக்ஸ்ரே எடுத்தார். மயிலாத்தாளின் வயிறு துடைத்துவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது. அதன் பிறகே ஊசியைக் கையில் எடுத்தார். தைத்து முடித்து வெளியே வந்தவர் முகமூடியை இறக்கினார்.

“உங்களைத் திட்டறதா, கும்புடறதான்னே தெரியலீங்க மெர்சியம்மா.”

“திட்டிப்போடுங்கம்மா. நல்லா தூக்கம் வரும்.”

டாக்டரின் பின்னால் அழுதுகொண்டே வந்த நந்திதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சாயங்காலம் ராசப்பனே மெர்சியைத் தேடி வந்தான். முகமெல்லாம் பல்.

“கண்ணு முழிச்சுட்டாளுங்க! முழிச்சதும், ‘தறியை யாரு தலையில கட்டிப்போட்டு வந்தே?’ன்னு எம்மேல பாயறா. இனி எனக்குப் பயமில்லீங்க, பொழைச்சுக்குவா!”

அவன் போன பிறகு மெர்சி மேசையில் தலை சாய்த்து, பாரம் தீர அழுதாள்.

மறுநாள் கட்டிய முதல் கட்டை நந்திதாவிடம் கொடுத்தவள், அரங்கின் வாசலை விட்டு நகரவில்லை.

“கட்டறப்ப நான் வாய்விட்டு எண்ணிப்போட்டேன், கழுவற ரூம்புல கூட வேலை பாக்கறவளும் எண்ணிப்போட்டா. பிரிக்கறப்ப நீயும் எண்ணு கண்ணு.”

“உங்க கட்டுதானுங்களே அக்கா?”

“என்ற கட்டுங்கறதாலதான் எண்ணோணும்.”

நந்திதா பிரித்தாள். ஒவ்வொன்றாகத் தொட்டு, உரக்க எண்ணினாள். பத்தாவது கிளாம்ப்பைத் தொட்டு “பத்து” என்றபோதுதான் மெர்சிக்கு மூச்சு சீராக வந்தது.