மாடித் தொட்டிக்குக் காவல் நின்றவன்

என் தம்பி ராமாமிர்தம் தன் ஆயுளில் ஒரு குடம் தண்ணீர் தூக்கியவன் இல்லை. அவனைப் பற்றி எதைச் சொல்வதானாலும் இதை முதலில் சொல்லிவிட வேண்டும். சிதம்பரத்துக்குத் தெற்கே கொள்ளிடக்கரைப் பக்கம் எங்கள் ஊர். தெருக்கோடி அடிபம்பிலிருந்து அம்மாவும் நானும் சுமந்து வருவோம். ஒரே ஆண்பிள்ளை, படிக்கிற பிள்ளை என்று அவனைக் குடத்தைத் தொடவே விடவில்லை. நான் இடுப்பு நோக அண்டாவில் நிரப்பியதில் அவன் அரைமணி நேரம் குளிப்பான். குளித்துவிட்டுத் தண்ணீர் சில்லென்று இல்லை என்று குறை வேறு சொல்வான்.

அப்படிப்பட்டவன்தான் கடலூரில் ஒரு ஆபீசில் முப்பது வருடம் உட்கார்ந்து, ஓய்வு பெற்று வந்த மறுநாளே தண்ணீர் சிக்கனத்துக்குத் தலைவன் ஆனான். தலைவன் என்றால் அவனே ஆக்கிக்கொண்ட தலைவன். வேறு யாரும் ஓட்டுப் போடவில்லை.

தேவனாம்பட்டினம் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி அவன் வீடு. கீழே அவனும் அவன் பெண்சாதி கலைமணியும். பின்பக்க அறையில் நான். மாடியில் குடித்தனம். கடல் பக்கம் என்பதால் மேலாகத் தோண்டினால் உப்பு. ஆழத்தில் போட்ட போர்தான் சோறு போடுகிறது. அந்த ஒரு போர், மொட்டைமாடியில் ஒரு தொட்டி, இரண்டு வீட்டுக்கும் அதுதான். மோட்டார் சுவிட்சை ஒரு இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்தான் என் தம்பி. காலை ஆறு மணிக்குப் பெட்டியைத் திறக்கும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அணையைத் திறக்க வந்த அமைச்சர் மாதிரி இருக்கும்.

மாடிப்படிச் சுவரில் காகிதம் ஒட்டினான். எனக்குப் படிக்கத் தெரியாது; மாடி வீட்டுப் பெண் இலக்கியா படித்துச் சொன்னாள். குளிக்க ஒரு வாளி, துணி துவைக்க வாரம் இரண்டு நாள், குழாயை முழுதாகத் திறக்காதீர், இப்படிப் பதினொன்று. அதை எல்லாம் எழுதியவன் ஷேவிங் பண்ணும்போது வாஷ்பேசின் குழாய் கடைசி வரைக்கும் ஓடிக்கொண்டிருக்கும். வெள்ளிக்கிழமை ஸ்கூட்டருக்கு ஓஸ் பைப்பில் அபிஷேகம். கேட்டால், "அது வண்டிக்கு, அக்கா" என்பான். வண்டிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வானத்திலிருந்தா?

கலைமணியும் லேசுப்பட்டவள் இல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தெருக்குழாயில் குடிதண்ணீர் வரும். வரும் சத்தம் கேட்டதும், வீட்டில் நிறைந்து நிற்கிற நாலு குடத்தையும் வாசலில் கவிழ்த்துவிட்டுப் புதுசாகப் பிடிப்பாள்.

"அது நேத்துத் தண்ணி அண்ணி, பழசாயிடுச்சி" என்பாள்.

"தண்ணி என்னாடி, ஊசிப்போறதுக்கு சாம்பாரா?" என்று நான் கேட்டேன். கேட்டு என்ன? அவளும் கொட்டினாள், தெருவே கொட்டியது. எங்கள் தெருவில் நல்ல தண்ணீர் வருகிற நாளில்தான் சாக்கடையும் நிறைந்து ஓடும்.

மாடிக் குடித்தனக்காரி பிரிசில்லா. சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். விடிந்ததும் பஸ் ஏறினால் பொழுது சாயத்தான் வருவாள். அவள் புருஷன் செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. இலக்கியா பன்னிரண்டாவது. அந்த வீட்டில் தண்ணீர் படுகிற பாட்டை நான் கண்ணால் பார்த்தவள். குடிதண்ணீர் மிஷின் கழித்துவிடுகிற தண்ணீரை வாளியில் பிடித்து அதில்தான் வீடு துடைப்பாள், மிதியடி ஊறவைப்பாள். அரிசி களைந்தது கறிவேப்பிலைச் செடிக்கு. கீரை அலசுவது ஓடுகிற குழாயடியில் இல்லை, ஒரு பேசின் பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து. பாத்திரம் எல்லாம் தேய்த்து முடித்த பிறகுதான் குழாயைத் திறப்பாள். பல் துலக்க ஆளுக்கு ஒரு டம்ளர். இதையெல்லாம் அவள் காகிதத்தில் எழுதி எங்கேயும் ஒட்டவில்லை.

தை மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிரிசில்லா படியில் இறங்கி வரும்போது என் தம்பி கீழே நின்று மறித்தான்.

"பிரிசில்லாம்மா, இந்த மாசக் கடைசில வூட்ட காலி பண்ணிடுங்க."

"என்னா சார் திடீர்னு?"

"தண்ணி ஜாஸ்தி செலவாவுது. காலைல ரொப்புறேன், பன்னண்டு மணிக்கு தொட்டி காலி. மூணு பேரு என்னாதான் பண்றீங்க? நீச்சல் அடிக்கிறீங்களா?"

"பாப்பாவுக்கு மார்ச்ல பப்ளிக் எக்சாம் சார். இப்ப எங்க போயி வூடு தேடுறது? அது படிப்பே கெட்டுடும்."

"எக்சாமுக்குத் தண்ணி எதுக்கு? பேனா இருந்தா போதும்."

சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான், பெரிய ஹாஸ்யம் சொன்னவன் போல. நான் சிரிக்கவில்லை. படிக்கட்டுக்கு மேலே அந்தப் பெண் புத்தகத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றது. முகம் செத்துப்போயிருந்தது.

பிரிசில்லா சண்டை போடவில்லை. நேராக மேலே போனாள். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டாள். அவள் கையில் கேசரிப் பவுடர் டப்பா.

"எங்க ஆஸ்பத்திரில பிளம்பர் அண்ணன் செய்வாரு பெரிம்மா. பிளஷ் டேங்க்ல ஒரு சிட்டிகை போட்டுட்டு அரைமணி நேரம் யாரும் தண்ணி அடிக்கக் கூடாது. அப்புறம் பாத்தா, கீழ பீங்கான்ல கலரு வந்திருந்தா அடில ரப்பர் போயிடுச்சி, பொழுதுக்கும் ஒழுவுதுன்னு அர்த்தம். வரலன்னா நல்லாருக்கு."

அரைமணி நேரம் கழித்துப் பார்த்தோம். பீங்கான் வெள்ளை வெளேர் என்று கிடந்தது. என் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"எங்க வூட்ல ஒழுவல சார். உங்க பாத்ரூம்லயும் ஒரு தடவ போட்டுப் பாக்கலாமா?"

"என் வூட்டு கக்கூஸ்ல வந்து கேசரி கிண்டப் போறியா?" என்று எகிறினான். "அது கம்பெனி அயிட்டம். முட்டிவலிக்குன்னு ஆசையா வாங்கிப் போட்டது. ரெண்டு வருசம்கூட ஆவல."

அது உண்மைதான். அந்த வெஸ்டர்ன் கக்கூஸ் வந்ததிலிருந்து அவன் அதில் உட்கார்ந்து பேப்பர் படிப்பான், போனில் தண்ணீரைச் சேமிப்போம் என்று ஊருக்கெல்லாம் மெசேஜ் அனுப்புவான்.

மறுநாள் காலை மின்சாரம் நிறுத்திவிட்டார்கள், மாசாமாசம் நிறுத்துவதுதான். ஃபேன் நின்றதும் என் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம். சர்ர்ர் என்று, பாம்பு மாதிரி. அவன் பாத்ரூம். அவனோ வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். கலைமணி அடுப்படியில் இருந்தாள். எனக்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தோன்றவில்லை. பிறந்த நாளிலிருந்து அவன் குளித்த தண்ணீரைச் சுமந்தவள் நான். அவன் கக்கூஸைப் பார்க்க எனக்கு உரிமை இல்லையா?

முந்தின நாள் பிரிசில்லா என்னிடமே விட்டுப்போன டப்பாவை எடுத்துக்கொண்டு போய் அவன் பிளஷ் டேங்க் மூடியைத் திறந்தேன். பிரிசில்லா சொன்னது ஒரு சிட்டிகை. நான் கல்யாணப் பந்திக்குக் கிண்டுகிற மாதிரி ஒரு ஸ்பூன் போட்டுவிட்டேன். அரைமணி நேரம் ஆகுமே என்று, ரேஷன் கடையில் பாமாயில் போடுகிறார்கள் என்று கிளம்பினேன். நான் செய்த தப்பு இதுதான். கடையில் வரிசை நீண்டுவிட்டது.

திரும்பி வந்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது. எதிர்வீட்டுச் சின்னம்மாள் ஓடிவந்தாள்.

"எங்க போயிட்ட ஆயா? உன் தம்பிக்கு ரத்தமா போவுதாம்! கலைமணி அழுவுது. கார் வச்சிக்கிட்டு செதம்பரம் போயிட்டாங்க."

"ஏன் செதம்பரம்? கடலூர்ல ஆஸ்பத்திரி இல்லியா?"

"இங்க தெரிஞ்சவன் பாத்துடுவானாம். அங்க போனா பிரிசில்லா இருக்கு, வரிசைல நிக்காம பாத்துடலாம்னு அதுக்குத்தான் போன் போட்டாரு."

என்னவென்று சொல்ல! நேற்று வீட்டைவிட்டுப் போ என்றவளைத் தேடி இன்று நாற்பது கிலோமீட்டர் போகிறான். சின்னம்மாளை விட்டுக் கலைமணிக்குப் போன் போடச் சொன்னேன். கலைமணி எடுக்கவில்லை. அழுகிறவள் எங்கே எடுப்பாள்?

அங்கே நடந்ததைப் பிரிசில்லா சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் தம்பி வீல்சேரில்தான் உட்காருவேன் என்று உட்கார்ந்துகொண்டான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீதாம்மா காப்பாத்தணும்" என்றான். குப்பியில் பிடித்துக் கொடுத்தான். பார்த்தால் அதில் ஒன்றுமில்லை, வெறும் மூத்திரம். டாக்டர் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கீங்க, தண்ணி மட்டும் நெறைய குடிங்க" என்று அனுப்பிவிட்டார்.

"நான் கண்ணால பாத்தேன்மா, செக்கச்செவேல்னு!" என்றானாம்.

பிரிசில்லா மெதுவாகக் கேட்டிருக்கிறாள். "கண்ணாடி போட்டுக்கிட்டா பாத்தீங்க?"

"பாத்ரூமுக்கு எவன் கண்ணாடி போட்டுக்கிட்டுப் போவான்?"

"செவப்பா, இல்ல ஆரஞ்சா?"

அவன் யோசித்தான். "ஆரஞ்சு மாதிரிதான்."

"நீங்க போறதுக்கு முன்னாடியே அப்டி இருந்துச்சா?"

அவன் கலைமணியைத் திரும்பிப் பார்த்தானாம். கலைமணிதான் அழுகையை நிறுத்திவிட்டு, "எங்க அண்ணி எங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

சாயங்காலம் இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். என்னைத் திட்டத் தயாராகத்தான் வந்தான்.

"உசுரு போயிருந்தா என்னாக்கா பண்ணியிருப்ப?"

"தொட்டி நெறஞ்சிருக்கும்" என்றேன்.

பிளம்பர் கொளஞ்சி வந்தான். என் தம்பி பாத்ரூம் டேங்க் மூடியைத் திறந்து, அடியிலிருந்து அப்பளம் மாதிரி நெளிந்துபோன ஒரு ரப்பரை எடுத்துக் காட்டினான். "இது போயி ஆறேழு மாசம் ஆயிருக்கும் மாமா. ராவு பகலா ஒழுவியிருக்கு. சத்தம் கேக்கலயா?" என் தம்பி ஃபேன் சத்தத்தைக் குற்றம் சொன்னான். கம்பெனியைக் குற்றம் சொன்னான். போர்த் தண்ணீரில் உப்பு அதிகம், அது ரப்பரைத் தின்றுவிட்டது என்றான். அவன் வாயில் வராத ஒரே பெயர் அவன் பெயர்தான்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு மொட்டைமாடி ஏறித் தொட்டியைக் குச்சியால் தட்டினான். இரண்டு மணிக்குத் தட்டினான். நாலு மணிக்கும் தட்டினான். பாதித் தொட்டிக்கு மேல் தண்ணீர் நின்றது. மாடி வீட்டில் அதே மூன்று பேர்தான், அதே குளியல்தான்.

பிரிசில்லா வேலை முடிந்து வந்ததும் அவள் வாசலுக்குப் போய் நின்றான். நான் பின்னாலேயே போனேன். எனக்கு அங்கே வேலை இல்லைதான். ஆனாலும் போனேன்.

"காலி பண்ண வேணாம்" என்றான், சுவரைப் பார்த்து.

"ஏன் சார்?"

"பாப்பா படிக்குதில்ல. பாவம். நாமளும் மனுசங்கதான."

பெருந்தன்மையைப் பார்த்தீர்களா! பிரிசில்லா யூனிபார்மைக் கொடியில் போட்டுக் கிளிப் மாட்டினாள். அவசரப்படவே இல்லை.

"பாவம்னு சொல்லி இருக்கச் சொன்னா வேணாம் சார். நாளைக்கு வேற எதுக்காவது காலி பண்ணச் சொல்லுவீங்க. தண்ணி எங்க போச்சின்னு சொல்லுங்க. நாங்க இருக்கோம்."

"ரப்பர்ல ஒரு சின்ன பிராப்ளம்…"

"எந்த வூட்டு ரப்பர் சார்?"

உள்ளே சத்தமாகப் படித்துக்கொண்டிருந்த இலக்கியா படிப்பதை நிறுத்திவிட்டாள். என் தம்பி தலையைச் சொறிந்தான். என்னைப் பார்த்தான். நான் உதவவில்லை. அறுபத்துமூன்று வருடம் உதவியாகிவிட்டது.

"எங்க வூட்லதான் ஒழுவுச்சி" என்றான். "உங்க மேல தப்பு இல்ல" என்றும் சொன்னான். தொண்டையிலிருந்து முள் எடுக்கிற மாதிரி வந்தது.

"சரி சார்" என்றாள் பிரிசில்லா. "பாப்பா, நீ படி."

உள்ளே மறுபடி படிக்கிற சத்தம் கேட்டது. ரசாயனப் பாடமோ என்னவோ, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் அங்கேயே படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் தம்பி கீழே இறங்கிப் போய், ஒன்றுமே நடக்காதவன் போல, கலைமணி குடம் கவிழ்ப்பதைப் பார்த்து அவளைத் திட்ட ஆரம்பித்தான்.